நெஞ்சக நோய் தீர்த்த நிபுணர் எவார்ட்ஸ் கிரஹாம்

உடலைத் திறந்து நோயைக் களையும் கலை மிகத் தொன்மையானது. ஆயினும் நெஞ்சுக்கூடு மட்டும், சத்திர வைத்தியர்கள் அஞ்சி விலகி நின்ற கோட்டையாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. நெஞ்சைத் திறந்த அக்கணமே வெளிக்காற்று உட்புகும், நுரையீரல் சுருங்கும், நோயாளி மூச்சுத் திணறுவார். அக்கோட்டையின் கதவைத் திறந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர் அமெரிக்க டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்களுக்கு இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

கிரஹாம் 1883-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தையாரும் சத்திர சிகிச்சை வல்லுநரே. பிரின்ஸ்டனில் பட்டம் பெற்ற மைந்தர், 1907-இல் ரஷ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் பெற்றார். தந்தையின் தொழிலை மேற்கொண்டாரேனும், தந்தையின் காலத்து முறைகளோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு சிகிச்சை ஏன் பலிக்கிறது, ஏன் பலிக்கவில்லை என்று சோதனைச்சாலையில் ஆராய்ந்து அறிய வேண்டுமென்பதே அவருடைய கொள்கை.

அக்கொள்கையின் பயன் முதல் உலகப் போரின்போது விளங்கிற்று. 1918-இல் அமெரிக்கப் படைமுகாம்களில் நிமோனியா சுரம் கண்ட வீரர்களுக்கு நெஞ்சினுள் சீழ் கோத்துக்கொண்டது. வைத்தியர்கள் உடனே நெஞ்சைக் கீறிச் சீழை வெளியேற்றினர். ஏறத்தாழ 100-க்கு 30 பேர் மாண்டனர். இதை ஆராய அமைந்த குழுவில் இடம்பெற்ற கிரஹாம், நோயைக் காட்டிலும் அவசரமே வீரர்களைக் கொல்கிறதென்று கண்டார். சீழ் நீர்த்திருக்கும் நிலையில் நெஞ்சைத் திறந்துவிட்டால் இரு நுரையீரல்களுமே தொல்லையுறும். ஆகவே முதலில் ஊசியால் நீரை உறிஞ்சியெடுத்து, சீழ் கெட்டிப்பட்ட பின்னரே திறக்கவேண்டுமென்று குழு விதித்தது. அம்முறையைக் கையாண்ட இடத்தில் மரணம் 100-க்கு 5-க்கும் கீழே இறங்கியது.

1919-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சத்திர சிகிச்சைப் பேராசிரியரானார். 1951 வரை அப்பதவியை அணிசெய்தார். எக்ஸ்ரே படத்தில் புலப்படாதிருந்த பித்தப்பையை, மருந்து செலுத்திப் புலப்படச் செய்யும் முறையை 1924-இல் வாரன் கோல் என்பாருடன் சேர்ந்து உலகிற்கு அளித்தார்.

அவரை உலகப் புகழில் நிறுத்தியது 1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள். பிட்ஸ்பர்க் நகரத்துப் பிரசவ வைத்தியர் ஜேம்ஸ் கில்மோர், 48 வயதினர். அவருடைய இடது நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்திருந்தது. ஒரு பகுதியை மட்டும் அகற்றவே கிரஹாம் எண்ணியிருந்தார். நெஞ்சைத் திறந்து பார்த்தபோதோ, பகுதியை வெட்டினால் கட்டி முழுதும் நீங்காதென்பது தெரிந்தது. முழு நுரையீரலையும் ஒரே தடவையில் அகற்றப்பெற்ற புற்றுநோயாளர் எவரும் அதுவரை பிழைத்ததில்லை. மூடிவிட்டாலோ மரணம் உறுதி. கிரஹாம் துணிந்தார், நுரையீரல் முழுவதையும் எடுத்தார், வெற்றிடம் சுருங்கும்பொருட்டு விலா எலும்புகள் சிலவற்றையும் நீக்கினார். கில்மோர் பிழைத்தெழுந்து மீண்டும் தம் தொழிலுக்கே திரும்பினார்.

நோயைக் களைந்தாயிற்று, நோயின் மூலம் எது? நோய் முதல் நாடவேண்டுமென்று வள்ளுவப் பெருந்தகை வற்புறுத்திய வினா இதுவன்றோ! எர்னஸ்ட் வைண்டர் என்னும் இளம் மருத்துவ மாணவர், சிகரெட்டே காரணமாகலாமென்று ஆராய முன்வந்தார். கிரஹாமோ இடைவிடாது புகைப்பவர். அக்கருத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எனினும் மாணவரைத் தடுக்கவில்லை, உடனிருந்து உதவினார். 684 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1950-இல் வெளிவந்தது. சான்றுகள் புகையிலையையே சுட்டின. 1953-இல், சிகரெட்டுப் புகையின் தாரை எலிகளின் முதுகில் தடவிச் சோதித்தபோது அவற்றுள் 100-க்கு 44-க்குப் புற்றுநோய் கண்டது. உண்மை தமக்கே எதிராக நின்றபோதும் கிரஹாம் அதை மறைக்கவில்லை. புகைப்பதை விட்டார்; தம் முடிபை எங்கும் எடுத்துரைத்தார்.

காலமோ கடந்துவிட்டிருந்தது. 1957-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய இரு நுரையீரல்களிலும் புற்றுநோய் பரவியிருப்பது தெரிந்தது. பிறருக்கு அவர் அளித்த சிகிச்சை அவருக்குப் பயன்படும் நிலையில் இல்லை. அவ்வாண்டு மார்ச்சு 4-ஆம் நாள், தாம் பணியாற்றிய பார்ன்ஸ் மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். ஒற்றை நுரையீரலோடு வாழ்ந்த கில்மோரோ 1963 வரை உயிருடனிருந்தார்.

அரிய சத்திர சிகிச்சைக்காகக் கிரஹாமைப் போற்றுவோர் பலர். நாம் அதனினும் மேலாகப் போற்றுவது, தம் பழக்கத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தயங்காத அவருடைய நேர்மையை. பாரதத்தில் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் சட்டம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது. ஊரையும் உற்றாரையும் விட்டுப் பிழைப்பை நாடி வந்த நம் இளைஞர்களுக்குத் தனிமையில் துணையாக வந்து சேர்வது பெரும்பாலும் இந்தப் புகைதான். அவர்கள் கிரஹாமின் வரலாற்றைப் படித்து, காலம் கடக்குமுன் அத்துணையைத் துறப்பார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.