அஞ்சலட்டையில் வந்த கோல்கொண்டா

கனவும் நனவும் கலந்து நிற்கும் காட்சிகளைத் தீட்டிய சர்ரியலிச ஓவியர்களுள் ரெனே மக்ரித் தனித்தன்மை வாய்ந்தவர். பெல்ஜியம் நாட்டின் லெசீன் எனும் ஊரில் 1898ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பிறந்தார். அவருக்கு 13 வயதாக இருந்தபோது அன்னையார் சாம்பர் ஆற்றில் மூழ்கி உயிர்நீத்தார். பின்னாளில் துணியால் முகம் மூடிய மாந்தரை அவர் வரைந்தமைக்கு இத்துயரே காரணம் என்பாரும் உளர். மக்ரித் அத்தகைய விளக்கங்களை விரும்பினாரல்லர்.

புருசெல்சு நுண்கலைக் கழகத்தில் பயின்றவர், 1922இல் ழார்ஜெத் அம்மையாரை மணந்தார். சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள்களுக்கு வடிவம் வரைந்தும் விளம்பரப் படங்கள் தீட்டியும் குடும்பம் நடத்தினார். அந்நாளில் நண்பர் ஒருவர், இத்தாலிய ஓவியர் கிரிக்கோ 1914இல் வரைந்த ‘காதற்பாடல்’ எனும் ஓவியத்தை அவருக்குக் காட்டினார். பளிங்குத் தலையும் இரப்பர்க் கையுறையும் பச்சைப் பந்தும் அருகருகே அமைந்த அக்காட்சி அவரைக் கண்ணீர் விடச் செய்தது. அவர் கண்டதோ மூல ஓவியம் அன்று, அதன் படியே. மாபெரும் கலைஞர் ஒருவரின் பாதையைத் திருப்பியது ஒரு தாள்! படியைக் கண்டவன் ஓவியத்தைக் காணாதவனே என்று வாதிடுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படத்திற்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியே மக்ரித்தின் வாழ்நாள் ஆய்வு எனலாம். பாரிசில் வாழ்ந்த காலத்தில், 1929இல், புகைக்குழாய் ஒன்றைத் தத்ரூபமாக வரைந்து, அதன் கீழேயே இது புகைக்குழாய் அன்று என எழுதினார். வேடிக்கை போல் தோன்றினும் உண்மை அதுவே; வரைந்த குழாயில் எவர் புகையிலை நிரப்ப இயலும்?

1930இல் புருசெல்சு திரும்பி, தம் வீட்டு உணவறையிலேயே ஓவியம் தீட்டினார். 1937இல் பாரிசில் ழார்ஜ் உக்னே என்பார் வெளியிட்ட 21 சர்ரியலிச அஞ்சலட்டைகளில் மக்ரித்தின் படைப்பும் இடம்பெற்றது.

1953இல் வரைந்த ஓர் ஓவியம் நமக்கு அணுக்கமானது. கரிய மேலங்கியும் வட்டத் தொப்பியும் அணிந்த ஆடவர் பலர், செங்கூரை வீடுகளுக்கு மேலே மழைத்துளிகள் போல வானில் நிற்கின்றனர். அதற்குக் கவிஞர் இசுக்கியூட்டனேர் தேர்ந்த பெயர் ‘கோல்கொண்டா’. குதுப்சாகி சுல்தான்களின் கோட்டை நகரம். கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களின் வைரங்களால் உலகப் புகழ் பெற்றது. செல்வச் செழிப்பின் மறுபெயராக ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய அச்சொல், ஒரே அச்சில் வார்த்தது போன்ற நகரத்து எழுத்தர்களின் தலைமேல் இறங்கியது ஏனோ? படத்தில் கோட்டையுமில்லை, வைரமுமில்லை.

மக்ரித் 1967 ஆகஸ்டு 15இல் மறைந்தார். அவருடைய ‘ஒளியின் பேரரசு’ ஓவிய வரிசையுள் ஒன்று 2024இல் நியூயார்க்கில் 12 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ‘கோல்கொண்டா’வின் மூலமோ அமெரிக்காவின் ஊசுடன் நகரில் உள்ளது. அங்கே செல்ல இயலாத மாணவரும் சில நாணயங்களுக்கு வாங்கிய அட்டையில் அந்த ஆடவரை எண்ணலாம். பச்சை ஆப்பிள் முகத்தை மறைக்க நிற்கும் மனிதரை அவர் வரைந்த 1964ஆம் ஆண்டு ஓவியம் தனியார் உடைமை. உலகில் பெரும்பாலோர் அதனை அறிந்தது அச்சிட்ட தாளில்தான்.