ஒரு ரைஃபிள், ஒரு தெரு நாய், 42 உயிர்கள்... கென்னத் ஆண்டர்சன் கதை!

பப்ஜி ஆடியிருக்கீங்களா? அப்போ இந்தச் சண்டை உங்களுக்கும் பழக்கம்தான். 7.62-ஆ, 5.56-ஆ? ஏ.கே.எம் எடுத்தா அடி பலமா விழும், ஆனா துப்பாக்கி எகிறும். எம்416 எடுத்தா கையில நிக்கும், அடி கொஞ்சம் கம்மி. எந்தத் துப்பாக்கி, எந்த அளவு தோட்டான்னு நண்பர்களோட மணிக்கணக்கா வாதாடியிருப்பீங்க.

அதே கேள்வியை, செத்தா மறுபடி ஆட்டத்துக்கு வர முடியாத ஒரு காட்டில், நிஜ ரைஃபிளோடு எதிர்கொண்டவர் கென்னத் ஆண்டர்சன். அவர் சுற்றிய காடு வேறெங்கோ இல்லை. பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாறு, அஞ்செட்டி, ஜவளகிரி என்று நம்ம ஊர் பஸ் போர்டில் பார்க்கும் பெயர்கள்தான். அன்றைக்கு இதெல்லாம் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எல்லைக் கோடு மாறியதே தவிர, காடு அதேதான்.

யார் இந்த ஆண்டர்சன்?

1910 மார்ச் 8-ம் தேதி செகந்திராபாத் பக்கத்து பொலாரத்தில் பிறந்தவர். பல தலைமுறையாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். படித்தது பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் அதிகாரி வேலை. லீவு கிடைத்தால் போதும், ஸ்டூடிபேக்கர் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

உத்தராகண்ட் பக்கத்து ஜிம் கார்பெட்டை நிறைய பேருக்குத் தெரியும். ஆண்டர்சனைத் தென்னிந்தியாவின் ஜிம் கார்பெட்டுன்னு சொல்வாங்க. 1954-ல் வெளிவந்த அவரது முதல் புத்தகமே ஆட்கொல்லிப் புலிகள், சிறுத்தைகள் பற்றியதுதான். 1939-க்கும் 1966-க்கும் இடையில் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் அவர் வீழ்த்தியதாகப் பதிவுகள் சொல்கின்றன.

ஏன் அந்த .405?

அவர் கைவிடாத ஆயுதம், வின்செஸ்டர் 1895 மாடல் ரைஃபிள். தோட்டா .405. அதாவது குண்டின் குறுக்களவை அங்குலக் கணக்கில் சொல்வது. மில்லிமீட்டரில் சொன்னா, பத்துக்கும் கொஞ்சம் மேல. குண்டின் எடை சுமார் 19 கிராம். 1904-ல் சந்தைக்கு வந்த இந்தத் தோட்டாவைத்தான் 1909-ல் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துப் போனார்.

இதை ஆண்டர்சன் நம்பியதற்குக் காரணம் யோசித்தால் புரியும். அவர் வேலை நடந்தது இருட்டில், புதரில், இருபது முப்பது அடி தூரத்தில். ஒரு கிலோமீட்டர் பறக்கும் தோட்டா அங்கே எதற்கு? கனமான குண்டு, பக்கத்திலிருந்து, ஒரே அடியில் மிருகத்தை நிறுத்த வேண்டும். முதல் குண்டு தவறினால், தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமலே கீழேயுள்ள லீவரை ஒரு தள்ளு தள்ளினால் அடுத்தது தயார். குழலோடு ஒரு டார்ச் லைட்டையும் பொருத்திக்கொள்வார்.

அந்தக் காலத்தில் வீட்டிலும் காட்டிலும் பரவலாக இருந்த இன்னொரு ஆயுதம் 12 போர் துப்பாக்கி. அந்தப் '12' எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எவ்வளவு பெரியதோ அதுதான் குழலின் விட்டம். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சின்னதாகும். 20 போரைவிட 12 போர் பெரிசு!

கிராமத்துக்காரர்களிடம் இருந்ததோ நாட்டுத் துப்பாக்கி. வாய்ப்பக்கம் மருந்தைக் கொட்டி, குச்சியால் இடித்து, ஈயத்தைப் போட்டு, ஒரே ஒரு தடவை சுடலாம். அடுத்த தடவைக்கு மறுபடி முதலிலிருந்து. சின்னாற்றங்கரையில் குழி தோண்டி அதையே வீடாக்கி வாழ்ந்த பைரா என்ற பூசாரியிடமும் அப்படி ஒன்று இருந்தது. திருட்டு வேட்டைக்குப் போன பைராவைப் பார்த்த ஆண்டர்சன், பிடித்துக் கொடுக்கவில்லை. நண்பராக்கிக்கொண்டார். காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான்களில் ஒருவராகவே பைராவைக் கடைசி வரை மதித்தார்.

பாதுகாப்புக்குச் சுட்டது, ஆபத்தாகத் திரும்பியது

இங்கேதான் கதை திரும்புது, கவனிங்க.

ஒரு புலி ஏன் ஆட்கொல்லி ஆகிறது? ஆண்டர்சன் திரும்பத் திரும்பத் தேடிய கேள்வி இது. அவருக்குக் கிடைத்த விடைகளில் அடிக்கடி வருவது, ஆறாத குண்டுக் காயம். வயலைக் காக்க, மாட்டைக் காக்க, இல்லை சும்மா வீரம் காட்ட யாரோ ஒருத்தர் சுட்டிருப்பார். போதாத துப்பாக்கி, அவசரக் குறி. மிருகம் சாகாது. காலோ தாடையோ நொறுங்கி, மான் பின்னால் ஓட முடியாமல் போகும். பிறகு ஓடத் தெரியாத, நகமில்லாத, கொம்பில்லாத ஓர் இரைதான் அதற்கு மிச்சம். மனுஷன்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வீட்டைக் காக்க வெடித்த குண்டு, பத்து மைல் தள்ளி வேறொரு வீட்டில் சாவாகப் போய் விழுகிறது. சுட்டவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. காயப்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது, தேடிப்போய் முடித்தே ஆக வேண்டும் என்பதில் ஆண்டர்சன் பிடிவாதமாக இருந்தது அதனால்தான்.

கும்மளாபுரத்துக் கூரை

தளி பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் கும்மளாபுரத்தில் ஒரு சிறுத்தை. சுமார் 250 சதுர மைல் வட்டாரத்தில் அது கொன்றது 42 பேரை. பொழுது சாய்ந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். கதவு பலமாக இருந்தால் அது கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். வீட்டுப் பாதுகாப்புன்னா என்னன்னு அந்த ஊர் மக்களைக் கேட்டிருக்கணும்.

ஆண்டர்சன் வந்தார். பலமான ரைஃபிள், டார்ச், அனுபவம் எல்லாம் இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தார். அவர் பார்த்தது தெருவை. சிறுத்தை வந்தது அவர் தலைக்கு மேலே, கூரை வழியாக. அவர் தப்பியதே பெரிசு. சிறுத்தை இருட்டில் மறைந்துவிட்டது. அந்த ராத்திரி .405-ஆல் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசியில் உதவியது எது தெரியுமா? ஊரிலிருந்து கூட்டிவந்த ஒரு சாதாரண நாய். மனுஷக் காதுக்கு எட்டாததை அது கேட்டது. மூக்குக்கு எட்டாததை மோந்தது. இருட்டில் நாய் உறுமி எச்சரித்த திசையில் ஆண்டர்சன் தயாராக இருந்தார். சிறுத்தை விழுந்தது. அதன் பாதத்தில், விரல்களுக்கு நடுவே முள்ளம்பன்றி முட்கள் புதைந்திருந்தன. நடக்க முடியாத வலிதான் அதை ஊருக்குள் கொண்டுவந்திருக்கிறது.

அந்த நாயை ஆண்டர்சன் விட்டுவிட்டுப் போகவில்லை. நிப்பர் என்று பெயர் வைத்து, பெங்களூருக்கே கூட்டிப் போய்விட்டார்.

இன்றைக்கு என்ன?

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கு முன்பே ஆண்டர்சன் மாறியிருந்தார். காடு குறைவதையும் புலிகள் காணாமல் போவதையும் எழுதிப் புலம்பிக்கொண்டிருந்தார். 1974 ஆகஸ்ட் 30-ல் பெங்களூரில் காலமானார்.

இதைப் படிச்சுட்டு வீட்டுப் பாதுகாப்புக்கு ஒண்ணு வாங்கலாமான்னு தோணுதா? 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் ஜெயில்தான். லைசென்ஸ் இருந்தாலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் ஒருவர் அதிகபட்சம் இரண்டுதான் வைத்திருக்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு அந்தச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் அதுவும் விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, கையில் லைசென்ஸ் வாங்கிய பிறகுதான். தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்குதுன்னா, அது பெருமை இல்லை பாஸ், வழக்கு.

சட்டத்தைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. ஓலைச் சுவரோ ஒற்றைச் செங்கல் சுவரோ, அதைத் தாண்டிப் போகிற குண்டுக்கு அந்தப் பக்கம் தூங்குவது யாருன்னு தெரியாது. இருட்டில் சத்தம் கேட்டதும் முதலில் வேண்டியது, வந்திருப்பது யார், எங்கே என்ற தெளிவு. கும்மளாபுரத்தில் அந்தத் தெளிவைக் கொடுத்தது ரைஃபிள் இல்லை, நாலு கால் நிப்பர்.

அடுத்த தடவை ஒகேனக்கல் போறப்போ, பென்னாகரம் தாண்டி ரோட்டின் ரெண்டு பக்கமும் காடு வரும் இல்லையா? போனைக் கொஞ்ச நேரம் கீழே வெச்சுட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. ஆண்டர்சனும் பைராவும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் காது கொடுத்துக் கேட்ட காடு அதுதான்.