ஸ்டான்லி ஹூக்கர்

சர் ஸ்டான்லி ஜார்ஜ் ஹூக்கர் (செப்டம்பர் 30, 1907 – மே 24, 1984) பிரித்தானிய வானூர்தி எஞ்சின் பொறியியலாளர் ஆவார். கணிதம் பயின்ற இவர், ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் நுழைவுக் குழாயையும் அதனை அடுத்துள்ள மிகையூட்டியையும் திருத்தியமைத்தார். எஞ்சினின் கொள்ளளவைக் கூட்டாமலேயே, உயரத்தில் அதன் ஆற்றலை இத்திருத்தம் பெருக்கியது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் போர் வானூர்தி எதிரி வானூர்திகளுக்கு ஈடுகொடுத்து நின்றதற்கு இது முக்கிய காரணங்களுள் ஒன்று. பின்னாளில் ஓர்ஃபியஸ், பெகாசஸ், ஆர்பி211 முதலிய தாரை எஞ்சின்களின் உருவாக்கத்திலும் பெரும் பங்காற்றினார்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ஷியர்னெஸ் நகரில் பிறந்தார். போர்டன் கிராமர் பள்ளியில் பயின்று, உதவித்தொகை பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் கற்றார். நீர், காற்று முதலிய பாய்மங்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பிரிவே இவரைக் கவர்ந்தது. 1928இல் வானூர்தியியல் ஆய்வுக்கான பஸ்க் உதவித்தொகை கிடைத்தது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரேஸ்நோஸ் கல்லூரியில் சேர்ந்து 1935இல் முனைவர் பட்டம் பெற்றார். கடற்படைத் துறையின் அறிவியல் ஆய்வுப் பிரிவில் சில காலம் பணியாற்றியபின், 1938 சனவரியில் டார்பி நகரில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அதுவரை எந்த எஞ்சினையும் வடிவமைத்த பட்டறிவு இவருக்கு இல்லை.

மெர்லின் எஞ்சின்

எஞ்சினின் ஆற்றலை எரிபொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். எரிபொருளைக் கூடுதலாக ஊட்டுவது எளிது. அதற்கு ஈடான காற்றை உள்ளே சேர்ப்பதே கடினம். வானூர்திக்கோ இந்தக் கடினம் இரட்டிப்பாகிறது. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியே. ஆகவே சூப்பர்சார்ஜர் எனப்படும் மிகையூட்டி பொருத்தப்படுகிறது. எஞ்சினால் சுழற்றப்படும் சக்கரம் ஒன்று காற்றை உறிஞ்சி, அழுத்தி, சிலிண்டர்களுக்குத் தள்ளுவதே இதன் பணி.

மெர்லின், 12 சிலிண்டர்களும் 27 லிட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின். இதன் மிகையூட்டி எஞ்சினின் பின்புறத்தில் இருந்தது. கீழிருந்து வரும் காற்று கார்புரேட்டரைக் கடந்து மேலே ஏறி, முழங்கை போல் வளைந்த குழாய் ஒன்றின் வழியே திரும்பி, சுழற்சக்கரத்தின் நடுவாயை அடைய வேண்டும். வானூர்தியின் முகப்புக்குள் எஞ்சினை அடக்க வேண்டியிருந்ததால் பின்பகுதிக்கு ஒதுக்கப்பட்ட இடம் குறைவு. விளைவாக, அந்த வளைவு நசுக்கப்பட்டது போன்ற தோற்றத்துடன் அமைந்திருந்தது. சக்கரத்தையும் பல்லிணைகளையும் வடிவமைத்தவர்கள், அவற்றை இணைக்கும் குழாயை இடத்துக்கு ஏற்றபடி வளைத்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

டார்பியில் ஹூக்கருக்கு முதலில் குறிப்பிட்ட பணி எதுவும் ஒதுக்கப்படவில்லை. விரும்பியதை ஆராயலாம் என்ற உரிமை மட்டும் இருந்தது. மிகையூட்டியின் சோதனை முடிவுகள் கைக்குக் கிடைக்கவே, தாம் கற்ற பாய்மக் கணிதத்தை அவற்றின்மீது செலுத்திப் பார்த்தார். செயல்திறன் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவாக இருப்பதும், அக்குறையில் ஒரு பகுதி சக்கரத்துக்கு வெளியே, நுழைவு வளைவிலேயே ஏற்படுவதும் கணக்கில் தெரிந்தன. இறுக்கமான வளைவில் திரும்பும் காற்று சுவரை விட்டு விலகிச் சுழிக்கிறது. அழுத்தத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. இழந்த அழுத்தத்தை ஈடுசெய்யச் சக்கரம் கூடுதலாக உழைக்க வேண்டும். அவ்வுழைப்புக்கான ஆற்றலும் எஞ்சினிலிருந்தே எடுக்கப்படுகிறது. காற்றும் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதோடு, சிலிண்டரில் எரிபொருள் வெடித்துத் தட்டும் அபாயத்தையும் கூட்டும்.

தம் கணக்குகளை அறிக்கையாக எழுதி ஹூக்கர் மேலே அனுப்பினார். மிகையூட்டித் துறையில் நெடுங்கால அனுபவம் உள்ள ஜேம்ஸ் எல்லர் அதைப் படித்தார். தம் துறையில் குறை கண்ட புதியவரை அவர் கடிந்துகொள்ளவில்லை. மிகையூட்டி மேம்பாட்டுப் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒருவருக்கு இது பெரிய பொறுப்பு.

ஹூக்கர் நுழைவுக் குழாயைக் காற்று சீராகத் திரும்பும் வகையில் புதிதாக வடிவமைத்தார். சுழற்சக்கரத்தையும், அதிலிருந்து விரைந்து வெளிவரும் காற்றின் வேகத்தை அழுத்தமாக மாற்றும் டிஃப்யூசர் பகுதியையும் உடன் திருத்தினார். முன்பு மெர்லின் தன் உச்ச ஆற்றலை 16,000 அடி அளவில் தந்தது; திருத்தத்தின்பின் அந்த உயரம் 19,000 அடியைக் கடந்தது. மெர்லின் 20, மெர்லின் 45 என்னும் வகைகள் இவ்வாறு பிறந்தன. முன்னது இரு வேகங்களில் சுழலும் மிகையூட்டியைக் கொண்டிருந்தது. ஹரிக்கேன் 2 வானூர்தியிலும் பின்னர் லங்காஸ்டர் குண்டுவீச்சு வானூர்தியிலும் இடம்பெற்றது. பின்னது ஒரே வேகம் கொண்டது. ஸ்பிட்ஃபயரின் பழைய உடலிலேயே பெரிய மாற்றமின்றிப் பொருந்தியதால் ஸ்பிட்ஃபயர் 5 விரைவாக உருவாகி, 1941இன் தொடக்கத்தில் பணிக்கு வந்தது. ஸ்பிட்ஃபயர் வகைகளுள் மிகுதியாகக் கட்டப்பட்டது இதுவே.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மெர்லினின் வளர்ச்சி முழுவதையும் ஹூக்கருக்கே உரித்தாக்குவது சரியாகாது. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கும் 100 ஆக்டேன் எரிபொருள் கிடைத்திராவிட்டால் கூடுதல் காற்றால் முழுப்பயன் விளைந்திராது. கூடிய ஆற்றலைத் தாங்குமாறு எஞ்சினின் உறுப்புகளை வலுப்படுத்தும் பணியைச் சிரில் லவ்சியின் குழுவினர் செய்தனர். வானூர்தி திடீரெனத் தலைகீழாகப் பாயும்போது கார்புரேட்டர் தடுமாறி எஞ்சின் அடங்கிப்போகும் குறையை, ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பீட்ரிஸ் ஷில்லிங் 1941இல் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றால் பெருமளவு போக்கினார்.

ஈரடுக்கு மிகையூட்டி

1940இல் வெலிங்டன் குண்டுவீச்சு வானூர்தியின் உயரப் பறப்பு வகைக்கென, 40,000 அடியை எட்டும் எஞ்சின் ஒன்று கோரப்பட்டது. ஹூக்கரின் குழுவினர் இரு மிகையூட்டிகளை வரிசையாக இணைத்தனர். வல்ச்சர் எஞ்சினிலிருந்து எடுத்துத் திருத்திய பெரிய மிகையூட்டி காற்றை முதலில் அழுத்தும். மெர்லின் மிகையூட்டி அதை மேலும் அழுத்தும். இருமுறை அழுத்தப்பட்ட கலவை கடுமையாகச் சூடாகும் என்பதால், நீர்மத்தால் குளிர்விக்கும் அமைப்பு ஒன்று மிகையூட்டிக்கு மேலே பொருத்தப்பட்டது. 1941 ஏப்பிரலில் இது சோதனை மேடையில் இயங்கியது.

இந்த எஞ்சினை ஸ்பிட்ஃபயரில் பொருத்தினால் என்ன என்று கேட்டவர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எர்னஸ்ட் ஹைவ்ஸ். அக்கேள்வி காலத்தால் செய்த உதவியாயிற்று. 1941இன் பிற்பகுதியில் செருமனியின் ஃபொக்க-வுல்ஃப் 190 களத்தில் தோன்றி, ஸ்பிட்ஃபயர் 5ஐ எளிதில் வென்று வந்தது. பிரித்தானிய விமானிகள் பலர் மாண்டனர். மெர்லின் 61 பொருத்திய ஸ்பிட்ஃபயர் 9, 1942 சூலையில் களமிறங்கியபின் நிலை சமனாயிற்று. 30,000 அடி உயரத்தில் புதிய எஞ்சின் முந்தையதைவிட ஏறத்தாழ 300 குதிரைத்திறன் கூடுதலாகத் தந்தது.

தாரை எஞ்சின்கள்

1940இல் ஃபிராங்க் விட்டிலின் தாரை எஞ்சினைக் கண்ட ஹூக்கர் அதன் பெருமையை உடனே உணர்ந்தார். அதன் காற்றழுத்தியும் மிகையூட்டியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆயிரம் பவுண்டு உந்துவிசை என்று கேட்டபோது ஹைவ்ஸ் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. மணிக்கு 300 மைல் வேகத்தில் பறக்கும் ஸ்பிட்ஃபயரில் மெர்லின் தருவதும் ஏறத்தாழ அவ்வளவே என்று ஹூக்கர் கணக்கிட்டுக் காட்டினார். அதன்பின் ஹைவ்ஸின் எண்ணம் மாறியது. 1943இல் ரோவர் நிறுவனத்திடமிருந்து தாரை எஞ்சின் பணியை ரோல்ஸ்-ராய்ஸ் பெற்றுக்கொண்டது; பார்னால்ட்ஸ்விக் தொழிற்சாலையின் பொறியியல் பொறுப்பை ஹூக்கர் ஏற்றார். வெலண்ட், டர்வென்ட், நீன் ஆகிய எஞ்சின்கள் அங்கே உருவாயின. 1946இல் பிரித்தானிய அரசின் ஒப்புதலோடு சோவியத் ஒன்றியத்துக்கு விற்கப்பட்ட நீன், அங்கே படியெடுக்கப்பட்டு மிக்-15 வானூர்தியின் எஞ்சினாயிற்று.

பிரிஸ்டல்

ஹைவ்ஸுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் 1949இல் பிரிஸ்டல் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே இவரை எதிர்கொண்ட புரோட்டியஸ் எஞ்சினிலும் தொல்லை காற்று நுழைவில்தான் இருந்தது. இறக்கைக்குள் புதைத்து வைப்பதற்காக முதலில் திட்டமிடப்பட்ட எஞ்சின் அது. காற்று பின்னோக்கிச் சென்று, முழுவதுமாகத் திரும்பி, முன்னோக்கி அழுத்தியினுள் பாய வேண்டும். பிரிட்டானியா பயணிகள் வானூர்தி வெப்பமண்டல முகில்களிடையே பறந்தபோது, அத்திருப்பத்தில் பனித்துகள்கள் திரண்டு, பின் பெயர்ந்து உள்ளே விழுந்து எஞ்சினின் தீயை அணைத்தன. வளைவை இனி மாற்ற இயலாத நிலையில், அணைந்த தீயை அக்கணமே மீண்டும் மூட்டும் செஞ்சூட்டுச் செருகிகளை எரி அறையில் பொருத்தினர். குறை தீர்ந்தது, ஆயினும் இழந்த காலம் திரும்பவில்லை. பிரிட்டானியா 1957 பிப்ரவரியில் சேவைக்கு வந்தபோது தாரை வானூர்திகளின் காலம் நெருங்கியிருந்தது.

ஹூக்கரின் காலத்தில் உருவான ஓர்ஃபியஸ் எஞ்சின் இந்தியாவுடன் தொடர்புடையது. 1965 போரில் இந்திய வான்படை பயன்படுத்திய நேட் வானூர்தி இதனால் இயங்கியது. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இந்த எஞ்சினைக் கட்டியது. மாருத் போர் வானூர்தியும் இரு ஓர்ஃபியஸ் எஞ்சின்களைக் கொண்டிருந்தது. ஆனால் மாருத்துக்கென எதிர்பார்க்கப்பட்ட ஆற்றல் மிகுந்த வகை கைவிடப்பட்டதால், அவ்வானூர்தி இறுதிவரை ஆற்றல் பற்றாக்குறையுடனேயே பறந்தது. செங்குத்தாக எழும் ஹாரியர் வானூர்திக்கான பெகாசஸ் எஞ்சினும் பிரிஸ்டலில் உருவானதே.

இறுதிக்காலம்

1962இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1960களின் இறுதியில் ஓய்வு பெற்றார். 1971 பிப்ரவரியில், ஆர்பி211 எஞ்சினின் செலவைத் தாங்க முடியாமல் ரோல்ஸ்-ராய்ஸ் நொடித்தது. எஞ்சின் வாக்களித்த உந்துவிசையையும் எட்டவில்லை. ஹூக்கர் டார்பிக்கு அழைக்கப்பட்டார். லவ்சி, ஆர்தர் ரப்ரா முதலிய பழைய தோழர்கள் உடனிருந்து உதவ, குறைகளைக் களைந்தார். 1972 ஏப்பிரலில் டிரைஸ்டார் வானூர்தி அந்த எஞ்சினுடன் சேவைக்கு வந்தது. 1974இல் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

1984இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, தாம் அப்படியொன்றும் பெரிய பொறியாளர் அல்லர் எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். வேலை கேட்டு வந்த கணிதவியலாளரைப் பற்றி ஹைவ்ஸ் முதல் சந்திப்பில் கூறிய கருத்து அது. அதே ஆண்டு மே 24 அன்று ஹூக்கர் காலமானார்.