மலை மேல் ஒரு பட்டாணித் தோட்டம்

1809-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனிலிருந்து ஒரு பெரியவர் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாதை முழுவதும் சேறு. வண்டியில் போக முடியவில்லை. கடைசி மூன்று நாட்களும் குதிரை மேல் ஏறிக்கொண்டார். வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எட்டு மணி நேரம் அந்தப் பனியிலேயே சவாரி செய்தார். அப்போது அவருக்கு வயது 65.

அவர் சாதாரண மனிதர் அல்ல. எட்டு ஆண்டுகள் அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். அந்த மாதம் 4-ந் தேதிதான் பதவியை விட்டு இறங்கினார். அவர் பெயர் தாமஸ் ஜெபர்சன்.

வீடு போய்ச் சேர்ந்ததும் புதிய ஜனாதிபதியான தம் நண்பர் மேடிசனுக்குக் கடிதம் எழுதினார். அரசியலோடு தோட்டச் செய்தியும் அதில் இருந்தது. இந்த ஆண்டு வசந்தம் பிந்திவிட்டது, ஓட்ஸ் தானியம் விதைக்கவில்லை, தோட்டத்திலும் வேலை அதிகம் ஆகவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார்.

அந்த வருத்தத்துக்குக் காரணம் உண்டு. அந்தச் சீமையில் குளிர்காலத்தில் மண் உறைந்துவிடும். வசந்தம் பிறந்து மண் இளகினால்தான் மண்வெட்டி இறங்கும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால், ஆண்டு முழுவதும் சமையல் அறை அதைச் சொல்லிக் காட்டும்.

சிறு மலை

ஜெபர்சன் 1743-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியை உதறித் தள்ளியபோது, 1776-ம் ஆண்டு வெளியான சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவரே. மனிதர் எல்லாரும் சமம் என்று அது உலகுக்குச் சொன்னது.

அவருடைய வீடு ஒரு மலை உச்சியில் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் அதற்குச் சிறு மலை என்று பொருள்.

22 வயதில் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, 1766-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி முதல் வரியை எழுதினார். தோட்டத்தில் ஒரு பூ மலரத் தொடங்கியது என்பதுதான் அந்தச் செய்தி. அன்று தொடங்கிய தோட்டக் குறிப்பு 1824 வரை நீடித்தது. நடுவில் வெளிநாடு போனார், மந்திரியானார், ஜனாதிபதியானார். புத்தகத்தை மட்டும் விடவில்லை. ஜனாதிபதியாக இருந்த எட்டு ஆண்டுகளிலும் வாஷிங்டன் சந்தையில் எந்தக் காய் எந்தத் தேதியில் முதலில் வந்தது, எந்தத் தேதியோடு நின்றது என்று குறித்து வைத்தார். அந்தப் பட்டியலில் 37 காய்கறிகள் இருந்தன. நாட்டை ஆளுகிறவர் கறிகாய்க் கணக்கும் பார்த்தார்!

சாப்பாட்டிலும் அப்படித்தான். மாமிசம் அவருக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குப் போதும். வயிற்றை நிரப்பியது காய்கறியே.

முதல் பட்டாணி யாருக்கு?

காய்களில் அவருக்கு உயிர் பட்டாணி. அதில் மட்டும் பதினைந்துக்கு மேற்பட்ட ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தார்.

பட்டாணி குளிரைக் கொஞ்சம் தாங்கும். எனவே வசந்தத்தில் முதலில் விதைப்பது அதைத்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. சில நாள் இடைவெளி விட்டு, பாத்தி பாத்தியாக விதைக்க வேண்டும். செடி எழும்பியதும் கொடி ஏறக் கிளைக் குச்சிகளை நட வேண்டும். இப்படிச் செய்தால் மே மாத நடுவிலிருந்து ஜூலை நடு வரை பச்சைப் பட்டாணி தட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

சுற்று வட்டாரத்து நண்பர்களுக்குள் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்தது. யார் வீட்டில் முதல் பட்டாணி விளைகிறதோ, அவர் மற்றவர்களை அழைத்து விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் வென்றவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்ற பண்ணைக்காரர். ஓர் ஆண்டு ஜெபர்சனின் தோட்டம் முந்திக்கொண்டது. வீட்டார் துள்ளிக் குதித்தார்கள். உடனே அழைப்பு அனுப்பச் சொன்னார்கள். அவரோ மறுத்துவிட்டார். விருந்து வைக்கும் சந்தோஷம் டைவர்சுக்கே இருக்கட்டும், யாரிடமும் மூச்சு விடவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குடும்பத்தார் பிற்காலத்தில் சொன்ன கதை இது.

ஏழு பேர், மூன்று ஆண்டுகள்

1809-ம் ஆண்டு வசந்தத்தில் அவரை வரவேற்ற தோட்டம் லேசான தோட்டம் அல்ல. நீளம் 1,000 அடி, அகலம் 80 அடி. மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்தி அமைத்தது. தென்கிழக்கைப் பார்த்த சரிவு. காலை வெயில் நேராக விழும். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் கீழே உறைபனி செடிகளைக் கருக்கும்போதும் மேலே அவை தப்பிப் பிழைக்கும். கீழ்ப்பக்கம் மண் சரியாமல் இருக்கக் கல் சுவர் எழுப்பினார்கள். சில இடங்களில் அதன் உயரம் 12 அடி. பகல் வெயிலை உண்ட அந்தக் கல், இரவில் அடியிலுள்ள பாத்திகளுக்குக் கதகதப்புக் கொடுக்கும். சுற்றிலும் 10 அடி உயரத்துக்குப் பலகை வேலி. முயல் குட்டி கூட நுழையக் கூடாது என்பது எஜமானின் உத்தரவு.

குறை ஒன்றுதான். மலை உச்சியில் தண்ணீர் கஷ்டம். கிணறு அடிக்கடி வற்றிப் போனது.

இந்த இடத்தைச் சமப்படுத்த 6 லட்சம் கன அடி செம்மண்ணை அள்ள வேண்டியிருந்தது. அள்ளியவர்கள் ஏழு பேர். கோவேறு கழுதை பூட்டிய வண்டி. மூன்று ஆண்டுகள். அந்த ஏழு பேரும் கூலியாட்கள் அல்ல, அடிமைகள். வேறு ஒரு பண்ணைக்காரரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள். வாடகைப் பணம் பண்ணைக்காரருக்கு. மண் சுமந்தது மட்டும் அவர்கள்.

மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதிய அதே கை, வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளைச் சொத்தாக வைத்திருந்தது. விடுதலை பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உரமும் விதையும்

1793-ம் ஆண்டு ஜெபர்சன் பிலடெல்பியாவில் மந்திரியாக இருந்தார். ஊரிலிருந்து மகள் மார்த்தா எழுதினாள். தோட்டத்தைப் பூச்சி தின்று தீர்க்கிறது என்று புலம்பினாள். பூச்சியின் மேல் மட்டும் குற்றம் இல்லை, நம் மண்ணுக்குச் சத்துப் போதவில்லை, செடி மெலிந்தால் பூச்சிக்கு இரையாகிறது என்று தகப்பனார் பதில் எழுதினார். வருகிற குளிர்காலத்தில் தோட்டம் முழுவதையும் தொழு உரத்தால் மூடிவிடலாம் என்றும் சொன்னார். வசந்தத்துக்கு வேண்டிய வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரியும்.

தோட்டத்தை 24 சதுரங்களாகப் பிரித்தார். காய்க்கும் செடிகள் ஒரு பக்கம், கிழங்குகள் ஒரு பக்கம், கீரைகள் ஒரு பக்கம். லெட்டூஸ் கீரைக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். தையற்காரர் விரல் நுனியில் போட்டுக்கொள்ளும் உறை கொள்ளும் அளவு விதையை, பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 1 வரை திங்கட்கிழமைதோறும் விதைக்க வேண்டும். இப்படிச் செய்தால் இளங்கீரைக்குப் பஞ்சம் இராது.

பிலடெல்பியாவில் பெர்னார்டு மக்மேஹன் என்ற விதை வியாபாரி இருந்தார். எந்த மாதம் எதை நடுவது என்று 1806-ம் ஆண்டு அவர் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். ஜெபர்சன் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மொத்தத்தில் 330 ரகக் காய்கறிகளும் மூலிகைகளும் அந்த மலையில் பயிராயின. வெயில் ஏறிய பிறகு போடும் பயிர்களில் தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் இருந்தன. அந்த நாளில் அமெரிக்கர் பலருக்குத் தக்காளி புதுசு. எள்ளையும் பயிரிட்டு எண்ணெய் எடுத்துப் பார்த்தார். வெண்டையும் எள்ளும் அமெரிக்காவுக்கு வந்தது ஆப்பிரிக்க அடிமைகளோடு.

1809-ம் ஆண்டு அவர் கோடு போட்டு எழுதிய அட்டவணை இன்னும் இருக்கிறது. எந்தப் பாத்தி, எந்தத் தேதியில் விதைத்தது, எப்போது பிடுங்கி நட்டது, எப்போது சாப்பாட்டு மேஜைக்கு வந்தது என்று தனித்தனிப் பத்திகள். கெட்டுப்போனதையும் மறைக்கவில்லை. முளைக்கவில்லை, பூச்சி தின்றது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார். நேர்மையான கணக்குத்தான். ஆனால் எந்தக் கை விதைத்தது என்பதற்கு அதில் ஒரு பத்தி கூட இல்லை.

இரவில் ஒரு தோட்டம்

இவ்வளவு பெரிய தோட்டம் வைத்தவர் வீட்டில் காய்கறி விலைக்கு வாங்கினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? வாங்கினார்கள். அதுவும் அடிமைகளிடமிருந்து!

அடிமைகளுக்குக் கொடுத்த படி மக்காச்சோள மாவும், கொஞ்சம் மீனும் இறைச்சியும்தான். குடிசை ஓரத்தில் அவர்கள் தங்களுக்கென்று சிறு தோட்டம் போட்டார்கள். எஜமான் வேலை முடிந்த பிறகு, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே உழைத்தார்கள். மிஞ்சிய வெள்ளரிக்காயையும் முட்டைக்கோசையும், கோழியையும் முட்டையையும் பெரிய வீட்டுக்கு விற்றார்கள். ஜெபர்சனின் பேத்தி ஆன், தன் 14-ம் வயதில் அந்த வரவு செலவை எழுதத் தொடங்கினாள். 1805 முதல் 1808 வரையிலான கணக்கு அது. அதில் அடிமைகளின் பெயர்களும் அவர்களுக்குக் கொடுத்த காசும் இருக்கின்றன. தாத்தாவின் அட்டவணையில் இல்லாத பெயர்களைப் பேத்தியின் கணக்கு காப்பாற்றி வைத்தது.

குழி தோண்டியவர்

மான்டிசெல்லோவின் தலைமைத் தோட்டக்காரர் வார்ம்லி ஹியூஸ். 1781-ம் ஆண்டு பிறந்தவர். அவரும் அடிமை. சிறு வயதில் பண்ணை ஆணிப் பட்டறையில் ஆணி அடித்தார். பிறகு தோட்டத்துக்கு வந்தார். எஜமான் வெளியூரிலிருந்து அனுப்பிய விதையையும் கிழங்கையும் மண்ணில் வைத்தவர் அவர்தான். பேத்திகளின் பூப் பாத்திகளுக்கும் அவர் கைதான். கிழவர் நூலும் அளவு கோலும் வைத்துக்கொண்டு நிற்க, ஹியூஸ் மண்ணைக் கொத்துவார்.

வயது ஏற ஏற ஜெபர்சனுக்குக் கடன் ஏறியது. மாமனார் வழி வந்த கடன் ஒன்று. ஓயாத விருந்தாளிகள். நண்பர் ஒருவருக்காக ஜாமீன் போட்ட தொகையும் தலையில் விழுந்தது. கடைசியில் கடன் ஒரு லட்சத்து ஏழாயிரம் டாலரைத் தாண்டியது.

1826-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி அவர் காலமானார். சுதந்திரப் பிரகடனத்தின் 50-வது ஆண்டு நிறைவு நாள் அது. வயது 83. மலைச் சரிவில் இருந்த குடும்ப இடுகாட்டில் குழி தோண்டியவர் வார்ம்லி ஹியூஸ்.

ஆறு மாதம் கழித்து, 1827-ம் ஆண்டு ஜனவரியில், மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. வீட்டுச் சாமான்கள், ஆடு மாடுகள், அவற்றோடு 130 அடிமைகள். ஹியூசை ஜெபர்சனின் மகள் போக விட்டாள். அவருடைய மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் போனார்கள். 45 ஆண்டுக் காலம் அந்த மண்ணில் இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் 1858-ம் ஆண்டு இறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-ம் ஆண்டு.

1831-ம் ஆண்டு வீடும் கைமாறியது. தோட்டம் புல் மூடிப் போயிற்று. 1923-ம் ஆண்டு ஒரு சங்கம் அந்த இடத்தை வாங்கியது. 1979-ம் ஆண்டு தொடங்கி மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது கல் சுவரின் அடித்தளம் கிடைத்தது. வேலிக் கம்பங்கள் நின்ற குழிகள் மண்ணில் கறையாகத் தெரிந்தன. அந்த அடையாளங்களையும் குறிப்புப் புத்தகத்தையும் வைத்து, 1980-களில் தோட்டத்தைத் திரும்ப அமைத்தார்கள். இப்போது வசந்தம்தோறும் அங்கே பட்டாணிக்குக் குச்சி நடுகிறார்கள்.

1993 முதல் இன்னொரு வேலையும் அங்கே நடக்கிறது. அந்த அடிமைகளின் வழி வந்தவர்களைத் தேடிப் போய், குடும்பத்தில் வழங்கும் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வார்ம்லி ஹியூசின் சந்ததியார் சொன்னவையும் அதில் சேர்ந்திருக்கின்றன.