1796-ல் தொடங்கிய சென்னை வெயில் கணக்கு: ஜான் கோல்டிங்காம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைகள் வந்தபிறகு ராத்திரிச் சூடு கூடிவிட்டதா என்று சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் எந்தக் களத்துமேட்டில் உட்கார்ந்தாலும் கேட்கிறீர்கள். கூடிவிட்டது என்று பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இது சும்மா பேச்சுக்குரிய விஷயமில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் பண்ணையில் 1979 முதல் 2003 வரை எடுத்த பதிவுகளைப் பார்த்ததில், வறண்ட பருவத்தில் இரவின் வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. நவரை போடுகிற நமக்கு இது பெரிய கணக்கு. ஆனால் நம் ஊரில் எவ்வளவு கூடியது, எப்போதிலிருந்து கூடியது என்று சொல்லப் பழைய பதிவு வேண்டும். அப்படி ஒரு பதிவை நமக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வடக்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கியவர் ஜான் கோல்டிங்காம்.

பெயர் புதிதாக இருக்கலாம். அவர் கட்டியதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை ராஜாஜி மண்டபத்தை 1802-ல் கட்டி முடித்தவர் அவர்தான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி 1798-லேயே கட்டுரை எழுதியவரும் அவர்தான்.

வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். அங்கே உதவியாளராக இருந்தவர் கோல்டிங்காம். பிறகு கம்பெனியே அதை ஏற்றுக்கொண்டு, 1792-ல் மைக்கேல் டாப்பிங் மேற்பார்வையில் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியை வைக்க அன்று நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து உண்டு. டாப்பிங் 1796-ல் இறந்தார். பொறுப்பு கோல்டிங்காமிடம் வந்தது. டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவரே நடத்தினார். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வேர் அதுதான்.

அந்த வருஷமே வானிலைப் பதிவு தொடங்கியது. வெப்பம், காற்றழுத்தம், காற்று என்று நாள்தோறும் எழுதினார்கள். 1802-ல் சென்னை நேரத்தை கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன் என்று கணக்கிட்டார். பிற்காலத்தில் ரயில்கள்கூட அந்த நேரத்தில்தான் ஓடின. 1805 முதல் 1812 வரை அவர் இல்லாதபோது ஜான் வாரன் பொறுப்பில் இருந்தார். இவர் நம் பஞ்சாங்கக் கணக்கைப் படித்துப் புத்தகமே எழுதியவர். கோல்டிங்காம் திரும்பி வந்த மறு வருஷம், 1813 முதல், மழைக்கணக்கும் சேர்ந்தது. இன்று சென்னை மழைக்கு இருநூறு வருஷக் கணக்கு இருக்கிறதென்றால் அதன் தொடக்கம் இதுதான்.

எனக்குப் பிடித்தது அவருடைய பீரங்கிக் கணக்கு. பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பார்கள். மலை வானாய்வுக்கூடத்திலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். கோட்டை 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். 1820, 1821 வருஷங்களில் அவரும் உள்ளூர் உதவியாளர்களும் நூற்றுக்கணக்கான வெடிகளை இப்படி அளந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அந்த நேரத்து வெப்பம், அழுத்தம், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாம் பக்கத்திலேயே எழுதப்பட்டன. காற்றுச் சூடானால் சத்தம் வேகமாக வருகிறது என்பது மாத வாரியாகத் தெரிந்தது. எண்ணை மட்டும் எழுதாமல், எந்த நிலையில் எடுத்த எண் என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் அது.

1830-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1849-ல் இறந்தார்.

இனி நம் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பழைய ஏடுகளில் உள்ள எண்ணை எடுத்து இன்றைய எண்ணோடு அப்படியே கழித்துப் பார்த்தால் விடை வந்துவிடுமா? வராது. அன்று வெப்பமானி ஃபாரன்ஹீட் அளவில் இருந்தது. அதை மாற்றுவது சுலபம். ஆனால் காற்று நுழையும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைக்கும் முறையே 1864-ல்தான் வந்தது. அதற்கு முன் எடுத்ததும் பின் எடுத்ததும் ஒன்றல்ல. பார்த்த மணி மாறினாலும் சராசரி மாறும். சுற்றிலும் தோப்பு இருந்த நுங்கம்பாக்கம் இன்று காங்கிரீட்.

இதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் பக்கத்து நிலையங்களோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு நிலையத்தில் மட்டும் ஒரு வருஷத்தில் திடீரென்று அரை டிகிரி ஏறி, பக்கத்தில் ஏறவில்லை என்றால், மாறியது தட்பவெப்பம் அல்ல; கருவியோ இடமோ மாறியிருக்கிறது. அந்த வருஷத்து ஏட்டில் கருவி மாற்றியதாகக் குறிப்பு இருந்தால் திருத்தம் உறுதியாகிறது. குறிப்பு இல்லாவிட்டால் ஊகம்தான். இப்படி ஒழுங்குசெய்து 1796 முதலான சென்னைக் காற்றழுத்தத்தை ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்டார்கள். எல் நினோ வருஷங்களைப் பின்னோக்கித் தேட அது உதவுகிறது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு செயல்விளக்கத் திடலில் பெட்டியை வேப்பமரத்துப் பக்கமிருந்து சிமெண்ட் களத்து ஓரமாக மாற்றினோம். தேதியை எழுதவில்லை. அடுத்த கோடை சூடு அதிகம் என்று கூட்டத்தில் பேசியும் விட்டேன். பிறகுதான் புரிந்தது. அந்த இரண்டு வருஷப் பதிவையும் இன்றுவரை பயன்படுத்த முடியவில்லை.

ஆகவே ஆலைச் சுவரை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களும், ஏரிக்கு அந்தப்பக்கம் உள்ளே தள்ளி நிலம் உள்ளவர்களும் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று போதும். நிழலில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், சுவரில் ஒட்டாமல், காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வையுங்கள். கதவு வடக்கே பார்த்து இருக்கட்டும். தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது. ஒரு நாள் தவறினால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், உத்தேசமாக நிரப்பாதீர்கள். பெட்டியை நகர்த்தினாலோ, பக்கத்து மரத்தை வெட்டினாலோ, எதிரே கொட்டகை எழுந்தாலோ அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். இரண்டு இடத்து நோட்டும் ஐந்தாறு நவரை தாண்டிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.