பதுங்கிய தானியத்தை வெளியே கொண்டுவந்த ரஃபி அஹ்மது கித்வாய்

காரைக்குடி வட்டாரம் மழையையும் கண்மாயையும் நம்பிய பூமி. மழை பொய்த்தால் நெல் இல்லை. அந்தக் குறையை ஒரு காலத்தில் பர்மா அரிசி ஈடுகட்டியது. 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி வரத்து நின்றது. பிறகு நம் பெரியவர்கள் கண்டதெல்லாம் ரேஷன் வரிசைதான். அந்த வரிசையைக் கலைத்ததில் பெரும் பங்கு கொண்ட ஒருவரை நம் சமுதாயமே ஏறக்குறைய மறந்துவிட்டது. அவர்தான் ரஃபி அஹ்மது கித்வாய்.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டம், மசௌலி கிராமத்தில் 1894-ல் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அலிகரில் பட்டம் பெற்றார். கிலாஃபத், ஒத்துழையாமைப் போராட்டங்கள் எழுந்தபோது சட்டப் படிப்பைத் துறந்து சிறை சென்றார். மோதிலால் நேருவின் செயலாளராகப் பணியாற்றினார். 1937-ல் மாகாண வருவாய்த் துறை அமைச்சரானதும், குத்தகை விவசாயிகளின் உரிமையைக் காக்கும் சட்டத்துக்காக உழைத்தார். அவர் பிறந்ததோ ஜமீன் வீடு. அவர் நின்றதோ உழுபவன் பக்கம்.

பிரிவினைக் கலவரத்தில் அவருடைய சகோதரர் முசௌரியில் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்துக்குப் பிறகும் அவர் இந்தியாவை விட்டுப் போகவில்லை. எந்தச் சமுதாயத்தின் மீதும் வெறுப்பை வளர்க்கவில்லை.

1952-ல் மத்திய உணவு, விவசாய அமைச்சரானார். அன்று தானியம் முழுக்க அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. விவசாயி அரசு சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுக்க வேண்டும். அனுமதியின்றி ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியாது. விளைவு என்ன? விவசாயி நெல்லை ஒளித்தான். வியாபாரி பதுக்கினான். தஞ்சையில் நெல் விளைந்தும், நம் பக்கம் கள்ளச் சந்தை விலை கொடுக்க முடியாத ஏழை அரை வயிற்றோடு கிடந்தான்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி ரேஷனை நீக்கத் துணிந்தார். வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறாத டெல்லியில் பலர் அஞ்சினார்கள். கித்வாய் துணை நின்றார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1947 இறுதியில் கட்டுப்பாட்டை நீக்கியபோது விலை எகிறி, அடுத்த ஆண்டே மீண்டும் கட்டுப்பாடு வந்தது. கித்வாய் அதிலிருந்து பாடம் கற்றிருந்தார். தட்டுப்பாடு வந்தால் கையிருப்பிலிருந்து உடனே சந்தையில் தானியம் இறக்கப்படும் என்பதை வியாபாரிகள் உணரும்படி செய்தார். விலை ஏறும் என்று காத்திருப்பதில் லாபமில்லை என்றானதும் பதுங்கிய மூட்டைகள் வெளியே வந்தன. மழையும் கைகொடுத்தது, 1953-54-ல் விளைச்சல் பெருகியது. 1954-ல் நாடு முழுவதும் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் விலகின.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று அவர் காலமானார். எத்தனையோ பேருக்கு அள்ளிக் கொடுத்த அந்த அமைச்சர் விட்டுச் சென்றது கடன் மட்டுமே. அவர் பெயரால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் விருது வழங்கியது.

அவருக்குப் பின், 1960-களின் நடுவில் பஞ்சம் மீண்டும் மிரட்டியது. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. சந்தையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, பின்னால் அரசின் கையிருப்பும் வேண்டும் என்பது மீண்டும் உறுதியானது.

மக்களின் உணவைப் பதுக்கி விலையேற்றுவதை மார்க்கம் பாவம் என்கிறது. அந்தப் பாவத்துக்கு லாபமே இல்லாமல் செய்வது ஆட்சியாளரின் கடமை. இன்று நம் மாவட்ட விவசாயி நெல்லையும் மிளகாயையும் அறுவடை நேரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார் என்றால், அவருக்கு அருகில் கிடங்கும், நேரத்துக்குத் திறக்கும் கொள்முதல் நிலையமும், நியாயமான எடையும் தேவை. ஜமாஅத்துகளும் ஊர்ச் சங்கங்களும் இவற்றைக் கேட்டுப் பெற முன்வரட்டும். கித்வாயை நினைவுகூர அதைவிடச் சிறந்த வழி நமக்கு இல்லை.