மீன்களுக்கு 'சம்ப்' கட்டியவர்

உங்கள் வீட்டில் தரைக்கு அடியில் 'சம்ப்' இருக்கிறதா? மோட்டார் போட்டால் அதிலுள்ள தண்ணீர் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. குழாயைத் திறந்தால் தானாகவே இறங்கி வருகிறது. இதே ஏற்பாட்டை மீன்களுக்குச் செய்து கொடுத்து, ஐரோப்பாவில் பெயர் வாங்கியவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட்.

லாய்ட், லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்து பிழைத்தவர். 1853-இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டிலும் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டார்கள். லாய்டுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தொட்டி, கடல்நீர், கடல் உயிர்கள் எல்லாம் விற்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். 1858-இல் அவர் அச்சிட்ட விலைப்பட்டியல் மட்டுமே 128 பக்கம்!

ஆனால், ஆசையாக வாங்கிய மீன்கள் அடிக்கடி செத்துப் போயின. காரணம், அசையாமல் நின்ற தண்ணீர்தான். அதில் ஆக்சிஜன் சீக்கிரம் குறைந்துவிடும். வெயில் பட்டால் பச்சைப் பாசி படரும். ஒரு மீன் செத்தால் மொத்தத் தண்ணீரும் கெட்டுவிடும். மக்களின் மோகம் தணிந்தது, லாய்டின் கடையும் நொடித்துப் போனது. பாவம்!

அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1864-இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகத்தை அமைத்துக் கொடுத்தார். அடுத்து, 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்ததுதான் பெரிய சாதனை.

காட்சித் தொட்டிகளில் இருந்ததைவிடப் பல மடங்கு தண்ணீரை, கீழே இருட்டான பெரிய தொட்டியில் சேர்த்து வைத்தார். இருட்டில் பாசி வளராது, தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். நீராவி இயந்திரத்தால் ஓடும் பம்பு இரவு பகலாக அதை மேலே ஏற்றியது. குழாய் முனையிலிருந்து பீறிட்ட தண்ணீர், காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொட்டிக்குள் பாய்ந்தது. மீன்களுக்கு ஆக்சிஜன் கிடைத்தது! காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகின்றன அல்லவா? அதுபோல எல்லாத் தொட்டிகளிலும் வழிந்த நீர் ஒன்றுகூடி, மறுபடியும் கீழ்த் தொட்டிக்கே வந்து சேர்ந்தது. இப்படி ஒரே கடல்நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்.

இன்று வீட்டு மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் 'சம்ப்' வேலை செய்வதும் இப்படித்தான். உங்கள் வீட்டில் அமைத்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பம்பின் பெட்டியில் மணிக்கு 2,000 லிட்டர் என்று போட்டிருந்தாலும், உயரம் ஏற ஏற அது தள்ளும் தண்ணீர் குறையும். இன்னொன்று நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். கரண்ட் போனால் பம்பு நின்றுவிடும், மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கும். அதைத் தாங்க 'சம்ப்'பில் காலி இடம் விட வேண்டும். மேலே ஏற்றும் குழாயின் முனை தண்ணீருக்குள் முங்கியிருந்தால், அந்தக் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்ப இறங்கத் தொடங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்ன ஓட்டை போட்டால், அது வழியே காற்று புகுந்து அதை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் வீட்டுக்குள் வெள்ளம்தான், அம்மாவிடம் யார் பதில் சொல்வது?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1874-இல் திறந்த மீன்காட்சியகத்துக்கும் லாய்ட் உதவினார். 1880-இல் அவர் காலமானார். நம் சென்னை மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் திறந்தது அதற்கு 29 ஆண்டுகள் கழித்து, 1909-இல். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது மூடப்பட்டது. நேப்பிள்ஸில் இப்போதும் மீன்கள் நீந்துகின்றன.